வாடகை மோட்டார்ஹோமில் இரண்டு வாரக் குளிர்காலம்

ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக்கூடாது, நெடுஞ்சாலைப் பக்கமே போகக்கூடாது, யாரும் அதிகம் போகாத கிராமங்களாகப் பார்த்து நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்துதான் படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கிற இந்த வண்டியை எடுத்தோம். ஓட்ட அருமை, படுக்கையும் சரி. குறை எல்லாம் குளிரில்தான்.

மூன்றாம் நாள் விடியற்காலை நாலு மணிக்கு ஹீட்டர் அணைந்துவிட்டது. கேஸ் சிலிண்டரை ஆட்டிப் பார்த்தால் உள்ளே தளும்புகிறது, ஆனால் அடுப்பும் பற்றவில்லை. அப்புறம்தான் உள்ளே இருப்பது பியூட்டேன் வாயு என்று கவனித்தேன். வெளியே 0 டிகிரிக்குக் கீழே போனால் அது ஆவியாகாமல் திரவமாகவே கிடக்கும்; புரொப்பேன் வாயு என்றால் மைனஸ் 42 வரை கவலை இல்லை. "குளிர்காலத்துக்குத் தயார்" என்று சொல்லி வாடகைக்கு விட்டவருக்கு இது தெரியாதா என்ன!

கழிவுநீர்த் தொட்டி வண்டிக்கு அடியில் மூடாமல் தொங்குகிறது, இரவோடு இரவாக உறைந்துவிடும். குழாயைத் திறந்துவிட்டுக் கீழே ஒரு வாளி வைத்துச் சமாளித்தோம். கூரை ஜன்னலைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள், குளிருகிறதே என்று மூடினால் மூச்சுக்காற்றின் ஈரம் மெத்தைக்கு அடியில் போய்ச் சேரும்.

கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு சேர்ந்தால் எச்சரிக்கும் அலாரம் வேலை செய்கிறது, அதற்கு ஒரு நட்சத்திரம் கூடுதல். மொத்தம் மூன்று. புரொப்பேன் தருகிறார்கள் என்றால் மறுபடியும் எடுப்பேன்.