என்-ரோட்ஸ் க்ளைமேட் சிமுலேட்டர்: நல்லா இருக்கு, ஆனா முக்கியமான மேட்டர் மெனுவுக்குள்ள கிடக்கு

க்ளைமேட் இன்டராக்டிவ்னு ஒரு அமைப்பும் எம்ஐடி ஆளுங்களும் (குரோம்பேட்டை இல்லங்க, அமெரிக்கா) சேர்ந்து பண்ணது, 2019ல வந்துச்சு. காசு கிடையாது, ப்ரௌசர்லயே ஓடும். நிலக்கரி, கார்பன் விலை (புகை விடுறதுக்குப் போடுற கட்டணம்), மரம் நடுறது, மக்கள்தொகைன்னு வரிசையா ஸ்லைடர் இருக்கு, எதை இழுத்தாலும் 2100ல பூமி எவ்ளோ சூடாகும்னு நம்பர் உடனே மாறிடும். ஒண்ணையும் தொடாம விட்டா 3 டிகிரிக்கு மேல போய் நிக்குது. மரம் நடுற ஸ்லைடரை முழுசா தள்ளுனாலும் ஏதோ தசம பாயின்ட்ல தான் நம்பர் நகருது, மரக்கன்னு போட்டோ எடுக்குற நம்ம ஆளுங்க அவசியம் பாக்கணும். கார்பன் விலையை ஏத்துனா தான் வெப்பக் கோடு நல்லா வளையுது.

எனக்கு புடிச்சது இது இல்ல, சூடு ஏறுனா பொருளாதாரம் எவ்ளோ அடிவாங்கும்ங்கிற கணக்கையும் உள்ள சேர்த்திருக்காங்க பாருங்க, அது தான். சிமுலேஷன் மெனுல அசம்ப்ஷன்ஸ்குள்ள போனா எந்த ஆய்வோட ஃபார்முலா வேணும்னு நாமளே மாத்திக்கலாம். இது சின்ன விஷயம் இல்ல. 2018ல பொருளாதார நோபல் வாங்குன நார்தாஸ் இருக்காரே, வெப்பத்தால வர்ற நஷ்டத்தைக் கணக்கு போடுற அவரோட டைஸ் மாடல் 2016 வெர்ஷன்ல 3 டிகிரிக்கு உலக வருமானத்துல 2 சதவீத சொச்சம் தான் நஷ்டம். 1991லயே அவர், அமெரிக்க உற்பத்தில 87 சதவீதத்துக்கு பெருசா பாதிப்பே வராதுன்னு எழுதுனாரு, ஏன்னா அதெல்லாம் கூரைக்குக் கீழ நடக்குற வேலையாம். மே மாசம் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டுக்குள்ள நின்னு பாத்திருக்க மாட்டாரு போல. பர்க், ஷியாங், மிகெல்னு மூணு ஆய்வாளருங்க 2015ல பல நாட்டு டேட்டா வச்சு போட்ட கணக்குல, எதுவுமே செய்யாம விட்டா 2100ல உலக சராசரி வருமானம், சூடு ஏறாம இருந்தா இருந்திருக்கக்கூடியதை விட சுமார் 23 சதவீதம் குறைவா இருக்கும். 2 எங்க 23 எங்க. இவ்ளோ பெரிய வித்தியாசம் தர்ற செட்டிங்கை முதல் ஸ்க்ரீன்ல வைக்காம உள்ள தள்ளி வச்சது எனக்கு சுத்தமா புடிக்கல.

இன்னொரு கூத்து, நஷ்டம் அதிகமா இருக்குற ஃபார்முலாவை எடுத்தா வெப்பம் லேசா குறையும். பக் இல்ல அது, வருமானம் குறைஞ்சா கரண்ட், பெட்ரோல் தேவையும் குறையும், புகையும் குறையும். லாஜிக் கரெக்ட் தான், பாத்தா வயிறு எரியுது.

இந்த வருமான நஷ்டம் உலக மொத்தக் கணக்கு, அதனால எந்த நாட்டுக்கு எவ்ளோ அடின்னு இதுல தெரியாது. நாடுங்க புகையைக் குறைச்சா என்னன்னு பாக்க இவங்களோட சி-ரோட்ஸ் இருக்கு, அதுல இந்தியா தனியா வரும், ஆனா இந்த எனர்ஜி ஸ்லைடர்லாம் கிடையாது. அஞ்சுக்கு நாலு.