ஓராளுக்கு 0.6 லீற்றர் றைஸ் குக்கர்: வாங்கலாம், ஆனால் பார்த்து வாங்குங்கள்

வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள போர்டிங் அறைகளில் தனியே சமைத்துச் சாப்பிடுகிறவருக்கு முதலில் தேவைப்படும் சாமான் இதுதான். கண்ணாடி மூடி, ஒற்றைச் சுவிச், 300 முதல் 350 வற் வரை இழுக்கும் சாதாரணக் குட்டிக் குக்கர். எந்தக் கம்பனியுடையது என்பதைவிட அளவுதான் முக்கியம்.

பெட்டியில் போட்டிருக்கும் லீற்றர் பெரும்பாலும் வேகாத அரிசியின் அளவு. 1.8 லீற்றர் என்றால், கூடவே வரும் 180 மில்லிலீற்றர் கோப்பையால் பத்துக் கோப்பை. ஓராள் ஒரு நேரத்துக்கு அரைக் கோப்பை போட்டாலே வயிறு நிறையும். அந்த அரைக் கோப்பையைப் பெரிய குக்கரில் போட்டால் அகன்ற அடியில் அரிசி மெல்லிசாகப் பரவும்; வேகுமுன்னே தண்ணீர் வற்றி ஓரம் காயும், அடி பிடிக்கும். ஆள் வந்தால் உதவும் என்று பெரியதை வாங்குவதில் நியாயமில்லை. குட்டிக் குக்கரிலேயே மூன்று கோப்பை வரை போடலாம்.

தண்ணீர்க் கணக்கில்தான் பலருக்குப் பிழைக்கிறது. அரிசி குறைந்தாலும் ஆவியாகிப் போகும் தண்ணீர் அதே வீதத்தில் குறைவதில்லை. ஆகவே வீட்டில் ஐந்து பேருக்கு வைத்த கணக்கு இங்கே சரிவராது. அரைக் கோப்பை புழுங்கல் நாட்டரிசிக்கு ஒன்றேகால் கோப்பை தண்ணீர் விட்டு, அரை மணித்தியாலம் ஊறவைத்த பிறகே சுவிச்சைத் தட்டுங்கள். சிவப்புப் பச்சையரிசியையும் ஊறவைக்கத்தான் வேண்டும், அதற்கு ஒரு கோப்பைத் தண்ணீர் போதும். பெரும்போக அறுவடை முடிந்து வரும் புது அரிசியென்றால் இரண்டு மேசைக்கரண்டி குறைத்து விடுங்கள், இல்லாவிட்டால் குழையும். அரிசியை மூன்று தண்ணீரில் கழுவினால் கஞ்சி பொங்கி மூடித் துளையால் வழிவது பெருமளவு நிற்கும்.

சுவிச் எப்படித் தானே விழுந்து, சமைப்பதிலிருந்து வோம் எனும் சூடு காக்கும் நிலைக்கு மாறுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். சூடாகும் தட்டின் நடுவே வில்லில் நிற்கும் சிறு குமிழில் ஒரு காந்தம் இருக்கிறது. பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை அடியின் சூடு 100 பாகைக்கு மேல் ஏறாது. தண்ணீர் வற்றியதும் ஏறும். 103 பாகை அளவில் காந்தத்தின் பிடி விட்டுச் சுவிச் விழும். தட்டுக்கும் பாத்திரத்துக்கும் இடையில் ஒரு பருக்கை சிக்கினாலும் இந்தக் கணக்குக் குழம்பிவிடும்: சோறு ஒரு பக்கம் அரை வேக்காடு, மறு பக்கம் கருகல். பாத்திரத்தின் வெளியடியைத் துணியால் துடைத்துவிட்டு உள்ளே வைத்து, இடமும் வலமும் ஒருமுறை திருப்பி விடுங்கள்.

இதே காரணத்தால் இதில் தாளிக்க ஏலாது. எண்ணெய் சூடேறியதும் சுவிச் விழுந்துவிடும். விழாமல் இருக்க நெருப்புக்குச்சி செருகும் பழக்கம் மிகவும் ஆபத்தானது. உள்ளேயிருக்கும் வெப்பப் பியூஸ் எரிந்தால் திருத்தலாம், வயர் உருகினால் அறையே பற்றும். தாளிதத்துக்குச் சின்னத் தாச்சி ஒன்று தனியே வேண்டும்.

சொதியும் பாலாணமும் இதில் அருமையாக வரும். வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாவற்றையும் இரண்டாம் பாலில் அவியவிட்டு, சுவிச்சைக் கையால் வோமுக்கு மாற்றிய பிறகு முதற்பாலை விடுங்கள். கொதிக்கும்போது விட்டால் பால் திரையும். தேசிக்காய்ப் புளி கடைசியில், குக்கரின் வயரைக் கழற்றிய பிறகு.

சோற்றோடு கறியையும் ஒரே தடவையில் முடிப்பதில்தான் இதன் உண்மையான பயன். அவிக்கும் தட்டு இல்லாத குக்கர் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். செப்பலி மீன் துண்டு இரண்டை உப்பு, மஞ்சள், மிளகு, நசித்த உள்ளியோடு பிரட்டி, கொதி வந்ததும் தட்டில் வையுங்கள். 12 நிமிடத்தில் அவியும். துளைத் தட்டில் நேரே வைத்தால் மீன் தண்ணீர் சோற்றில் சொட்டும், ஆகவே சின்ன எவர்சில்வர் கிண்ணம் ஒன்றில் வைப்பது நல்லது. முருங்கைக் கீரைக்குத் தட்டே தேவையில்லை. சுவிச் விழுந்த கையோடு சோற்றின் மேல் பரப்பி மூடிவிட்டு, பத்து நிமிடம் கழித்துத் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துக் கிளறுங்கள்.

கரண்ட் கணக்கும் பாரமில்லை. 350 வற் குக்கர் 25 நிமிடம் ஓடினால் ஒரு யூனிட்டில் ஏழில் ஒரு பங்குதான்.

குறைகள் உண்டு. ஒட்டாப் பூச்சு மெல்லிசு. உலோகக் கரண்டி பட்டால் சில மாதத்தில் உரியத் தொடங்கும். சிரட்டை அகப்பை போதும். அரிசியை அந்தப் பாத்திரத்திலேயே போட்டுத் தேய்த்துக் கழுவவும் கூடாது. வோமில் விட்ட கொஞ்சச் சோறு ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். பல மாதிரிகளில் தனி ஓஃப் சுவிச்சும் இல்லை, வயரைக் கழற்றத்தான் வேண்டும். கழற்றிவிட்டுச் சோற்றை இராத்திரி வரை உள்ளேயே விடாதீர்கள். கொதித்தும் சாகாத கிருமி வித்துகள் இளஞ்சூட்டில் பெருகும், அவை விடும் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. மிஞ்சியதை ஆறவிட்டு உடனே பிரிட்ஜில் வைத்தால், அடுத்த நாள் எருமைத் தயிரோடு ஒரு நேரச் சாப்பாடு ஆகிவிடும்.

கடையில் மூன்று விடயம் பாருங்கள்: பாத்திரத்தின் அடி சூடாகும் தட்டில் ஆடாமல் உட்கார வேண்டும், நடுக் குமிழ் அமுக்கினால் இறங்கி மேலே வர வேண்டும், உள்பாத்திரம் தனியே விற்பனைக்கு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இரவில் புட்டுத்தான் சாப்பாடு என்கிறவர்கள் இதை நம்பி வாங்க வேண்டாம்; அவ்வளவு ஆவி இதில் வராது.