நிலயாழினி: நல்லூரில் ஒரு பெயர்ப்பொருள் விளக்கச் சேவை

என் தங்கைக்குப் பெண் பிறந்து 31ஆம் நாள் துடக்குக் கழிவு நெருங்கிக்கொண்டிருந்த வேளையில், வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப்போன பெயர் ‘நிலயாழினி’. அனுஷ நட்சத்திரத்துக்குரிய ந, நி, நு, நே என்னும் எழுத்துகளுள் ஒன்றில் அது தொடங்கியது. ஆனால் அப்பம்மா அதை ‘நிலம்’ என்று கேட்டார்; அம்மம்மா ‘நிலா’ என்று கேட்டார். பிறப்பை 42 நாட்களுக்குள் பதிய வேண்டியிருந்தமையால், யாழ்ப்பாணத்து நல்லூரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தம் வீட்டில் நடத்திவரும் பெயர்ப்பொருள் விளக்கச் சேவையை நாடினோம். கட்டணம் 1,500 ரூபாய். மூன்றாம் நாள் ஐந்து பக்க விளக்கம் கைக்கு வந்தது.

முதலில் ‘நில’. தனிக் குற்றெழுத்தின் பின் வரும் ஆகாரம் செய்யுளில் குறுகியும் வரலாம், உகரம் ஏற்று ‘நிலவு’ என்றும் ஆகலாம், மாறாமலும் நிற்கலாம் என்று நன்னூல் சொல்கிறது. ஆகவே ‘நிலா’ ‘நில’ என நிற்பது பிழையன்று. இதே நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் காண்டிகையுரை எழுதிய நூல் அது என்பதால், வாசித்தபோது எனக்குத் தனி மகிழ்ச்சி. இருப்பினும் அது செய்யுள் வழக்கு என்பதையும், பேச்சில் நிலம் என்றே பலர் கேட்பார்கள் என்பதையும் ஆசிரியர் மறைக்கவில்லை.

‘யாழ்’ பற்றிய பக்கம் சுருக்கமானது. 21 நரம்புகள் கொண்ட பேரியாழையும் 7 நரம்புகள் கொண்ட செங்கோட்டியாழையும் குறிப்பிட்டுவிட்டு, யாழ்ப்பாடி ஒருவன் பரிசாகப் பெற்ற மணல் நிலமே யாழ்ப்பாணம் என்னும் கதையை மரபுவழிக் கதை என்ற அளவில் நிறுத்தியிருக்கிறார்.

என்னை மிகவும் கவர்ந்தது ‘இனி’ பற்றிய பகுதிதான். நளினி, பத்மினி போன்ற வடமொழிப் பெயர்களில் பெண்பாலைக் காட்டும் ஈறு தமிழ்ச் சொல்லான யாழோடு சேர்ந்து ‘யாழினி’ ஆகியிருக்கிறது என்பது ஒரு விளக்கம். இனிமை என்னும் தமிழ் வேரிலிருந்து ‘யாழ்போல் இனியவள்’ என்று கொள்வது மற்றொன்று. குழலும் யாழும் இனிது என்போர் தம் மக்களின் மழலையைக் கேளாதவர் என்னும் 66ஆம் குறளில் ‘யாழினிது’ என்றே வருவதால், பெற்றோர் மனம் இரண்டாவதையே நாடுவது இயல்பு. இரண்டையும் கலக்காமல் தனித்தனியே எழுதி, இப்பெயரைச் சங்ககாலப் பெயர் என்று புகழாமல், இக்காலத்தில் இணைத்து ஆக்கிய பெயர் என்று நேராகச் சொன்ன அந்த நேர்மைக்கே கட்டணம் தகும். கடைகளில் விற்கும் பெயர்ப் புத்தகங்களில் இத்தகைய கவனத்தை நான் கண்டதில்லை.

குறைகளும் உண்டு. நாங்கள் கேட்காத எண்கணிதத்துக்கு ஒரு முழுப் பக்கம் போயிருக்கிறது. அதைவிட முக்கியமாக, ழகரத்தை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்பதற்கு ஒரு வரி கூட இல்லை. தமிழகத்தார் ‘இசட்’, ‘எச்’ என இரண்டெழுத்தை இடுவதும் இங்கே நம்மவரில் பலர் ‘எல்’ எழுதுவதும் வழக்கமாதலால், கடவுச்சீட்டு வரை தொடரும் இந்த முடிவுக்கே எங்களுக்கு வழிகாட்டல் தேவைப்பட்டது. தங்கையின் கணவர் பெயரிலும் ழகரம் உண்டு. அவருடைய ஆவணங்களில் உள்ளபடியே பெறாமகளுக்கும் ‘எல்’ இட்டுப் பதிவு செய்தோம்.