ஷூட்டிங் இன்சூரன்ஸ் எடுக்கறவங்க தயவுசெஞ்சு வெத்து ஃபார்ம்ல கையெழுத்து போடாதீங்க

காசிமேட்டுல மீன்பிடிக்கப் போறவங்களப் பத்தி சின்னதா ஒரு டாக்குமெண்டரி எடுத்துட்டு இருந்தோம். சொந்தக் காசு, மிச்சம் ஃபிரெண்ட்ஸ்ட்ட வாங்குனது. கேமரா லென்ஸ் எல்லாம் சாலிகிராமத்துல வாடகைக்கு எடுத்தது, மொத்தம் 24 லட்சம் பெறும், இன்சூரன்ஸ் இல்லாம வெளிய விடமாட்டோம்னுட்டாங்க. பழைய வண்ணாரப்பேட்டைல ஒரு ஏஜென்ட்ட தெரியும்னு எங்க மேனேஜர் கூட்டிட்டுப் போனாரு.

"தம்பி, இது ஆல் ரிஸ்க் பாலிசி, பேர்லயே இருக்குல்ல, போட்ல வச்சு எடுத்தாலும் கவர் ஆவும், கூட வர்ற பசங்களுக்கு அடிபட்டாலும் கவர் ஆவும்"னாரு. ஃபார்ம்ல மூணு இடத்துல பென்சில்ல பெருக்கல் குறி போட்டு, இங்க மட்டும் கையெழுத்து போடு மத்தத நான் ஃபில் பண்ணிக்கிறேன்னாரு. மறுநாள் விடியக்காலைல கடலுக்குப் போற அவசரம், போட்டுட்டேன். 38,000 ரூபா, அவரோட சொந்த நம்பருக்கே ஜிபே பண்ணேன். ராத்திரி வாட்ஸப்ல ஒரே ஒரு பக்கம் அனுப்புனாரு, அதான் பாலிசின்னு நெனச்சுட்டேன்.

மூணாவது நாள் திரும்பி வர்றப்ப ஹார்பர் வாய்கிட்ட ஒரு அலை, ஃபைபர் போட் அப்படியே தூக்கிப் போட்டுச்சு, கேமரா அசிஸ்டென்ட் பையன் குறுக்குப் பலகைல மோதி புருவம் கிழிஞ்சிருச்சு. ஸ்டான்லில நாலு தையல். கேமரா ரெண்டு தடவ மினுக்கிட்டு கருப்பாயிருச்சு. லென்ஸ சாய்ச்சா உள்ள உப்புத்தண்ணி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுது. சர்வீஸ்ல 4 லட்சம்னாங்க.

கிளைம் போட்டதும் நஷ்டத்த மதிப்பு போட சர்வேயர் வந்தாரு, நல்ல மனுஷன், முழு பாலிசியையும் என் முன்னாடியே திறந்து காட்டுனாரு. படகுல, தண்ணி மேல எடுக்கற ஷூட்டிங்குக்கு கவர் கிடையாதுன்னு தெளிவா இருக்கு. அதவிட, நான் கையெழுத்து போட்ட ஃபார்ம்ல தண்ணில ஷூட்டிங் உண்டாங்கற கேள்விக்கு இல்லைன்னு எழுதியிருக்கு, என் கையெழுத்துக்கு மேல, வேற யாரோ எழுதுன எழுத்துல! சாமான் மதிப்பு 24 லட்சத்துக்குப் பதிலா 12 லட்சம்னு போட்டிருக்கு, அதாவது கிளைம் ஒத்துக்கிட்டாகூட ஆவரேஜ்னு ஒரு ஷரத்து இருக்காம், பாதி மதிப்புக்கு இன்சூர் பண்ணா நஷ்டத்துலயும் பாதிதான், 4 லட்சத்துக்கு 2 லட்சம், அதுலயும் எக்சஸ்னு, நாமளே ஏத்துக்க வேண்டிய பங்குனு கொஞ்சம் கழிப்பாங்க. ஜிஎஸ்டியோட சேர்த்து கம்பெனிக்குப் போன பிரீமியம் 19,000தான். மிச்சம் எங்க போச்சுன்னு நான் சொல்ல வேணாம்.

ஆல் ரிஸ்க்னா எல்லாமே இல்லங்க, விலக்குனு போட்டிருக்கறது போக மிச்சம்தான். ஆள் இல்லாத வண்டிலருந்து திருடு போறது, தேய்மானம், தானா ரிப்பேர் ஆவறது இதெல்லாமும் பொதுவா அந்த விலக்குல வந்துரும். வேலை செய்யற ஆளுங்களுக்கு பர்சனல் ஆக்சிடெண்ட் தனி செக்ஷன், கேட்டு சேர்க்கணும். 2020 பிப்ரவரில பூந்தமல்லி பக்கம் செட்ல கிரேன் சரிஞ்சு மூணு பேர் போய்ச் சேர்ந்தாங்களே, அதுக்கப்புறமும் சின்ன யூனிட்ல யாரும் இதக் கேக்கறதில்ல, நானும் கேக்கல. அந்தப் பையன் அம்மா மூஞ்சில முழிக்க முடியல.

இப்ப ஏஜென்ட் போன எடுக்கறதில்ல. கம்பெனி குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதிப் போட்டிருக்கேன், போட்ல எடுக்கறோம்னு நான் முன்னாடியே சொன்ன வாட்ஸப் மெசேஜ், ஜிபே ரசீது எல்லாம் வச்சு. 30 நாள்ல பதில் வரலன்னா, இல்ல கைய விரிச்சுட்டாங்கன்னா, தேனாம்பேட்டைல இருக்கற இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்கிட்ட, அதாவது கம்பெனிக்கு வெளிய இருந்து புகார விசாரிச்சு தீர்ப்பு சொல்றவர்கிட்ட, போறேன். ஃபீஸ் இல்ல, வக்கீல் வேணாம், தனி முதலாளியா கம்பெனி நடத்தற என்னை மாதிரி ஆளுங்களும் போலாம், ஆனா கம்பெனி மறுத்த ஒரு வருஷத்துக்குள்ள போயிரணும். இன்சூரன்ஸ் கம்பெனிகளக் கட்டுப்படுத்தற ஐஆர்டிஏஐயோட புகார் வெப்சைட், பீமா பரோசா போர்ட்டல்லயும் போட்டாச்சு, 155255க்கு கூப்ட்டாலும் எடுத்துக்கறாங்க.

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் யாராச்சும் இப்படி பென்சில் குறி போட்ட ஃபார்ம்ல கையெழுத்து போட்டிருந்தா, அடுத்த ஷெட்யூலுக்கு முன்னாடி கம்பெனிக்கே நேரா மெயில் போட்டு அந்த ஃபார்ம் காப்பியும் முழு பாலிசியும் கேட்டு வாங்கிப் பாருங்க, ஏஜென்ட்கிட்ட கேக்காதீங்க.