ஹெர்குலீஸ்: சோர்ஸ் கோட்டைத் திறந்து பாத்துச் சொல்லுற விமர்சனம்

ஹெர்குலீஸை ஓட்டிப் பாத்து எழுதின ஆக்கள் கனபேர். நான் சோர்ஸ் கோட்டை வாசிச்சுப்போட்டு எழுதுறன். ஐபிஎம்மின்ரை சிஸ்டம்/370, ஈஎஸ்ஏ/390, இசட் ஆர்க்கிடெக்சர் எண்ட மூண்டு மெயின்ஃப்ரேம் (பெரிய நிறுவனக் கம்பியூட்டர்) வகையையும் வீட்டுக் கம்பியூட்டரிலை ஓடவைக்கிற எமுலேட்டர், அதாவது அந்த மெஷின் மாதிரியே நடிக்கிற மென்பொருள் இது. 1999இல் ரோஜர் பௌலர் சி மொழியிலை தொடங்கினது. காசு இல்லை.

கரடிப்போக்குப் பக்கம் இருந்து வேலை செய்யிற என்ரை லப்டொப் பழசு. அதிலையே ஐபிஎம்மின்ரை பழைய மெயின்ஃப்ரேம் ஓஎஸ்ஸான எம்விஎஸ் 3.8ஜே கிடுகிடுவெண்டு ஓடுது. அந்த ஓஎஸ்ஸின்ரை 24 பிட் முகவரிக்கு எட்டுறதே 16 மெகாபைட்தான், பிறகேன் ஓடாது? எம்விஎஸ்ஸை ஓடுறதுக்குத் தயாராய்க் கட்டித் தாற டிகே4- பொதியை இறக்கி விரிச்சு, 3270 எண்ட மெயின்ஃப்ரேம் திரை மாதிரி நடிக்கிற டெர்மினல் எமுலேட்டராலை உள்ளுக்குப் போனால் சரி.

இனிக் கோட். ‘ஜெனரல்1.சி’யைத் திறவுங்கோ. ரெண்டு ரெஜிஸ்டரை (ப்ராசசருக்குள்ளை எண்ணை வைச்சிருக்கிற இடம்) கூட்டுற கட்டளை சில வரிதான். விடை எப்பிடி வந்ததெண்டு சொல்லுற கண்டிஷன் கோட், விடை பூச்சியமெண்டால் 0, மைனஸ் எண்டால் 1, பிளஸ் எண்டால் 2, இடம் காணாமல் வழிஞ்சால் 3. ஐபிஎம்மின்ரை ‘பிரின்சிபிள்ஸ் ஒஃப் ஒப்பரேஷன்’ கைநூலைப் பக்கத்திலை வைச்சால் வரிக்கு வரி ஒத்துப்போகும். வேகத்தைத் தியாகம் செய்து கிடைச்ச தெளிவு இது, ஏனெண்டால் ஹெர்குலீஸ் ஒவ்வொரு கட்டளையையும் அந்தந்த நேரம் பிரிச்சுத்தான் செய்யுது.

அறிவியல் நகரிலை பொறியியல் படிக்கிற தம்பி ஒராள் அந்தக் கோப்பின்ரை அடியைக் காட்டி, “அக்கா, இது தன்னையே இன்க்ளூட் பண்ணுது, பிழையோ?” எண்டு கேட்டான். பிழையில்லை, வேணுமெண்டே செய்தது. மூண்டு ஆர்க்கிடெக்சருக்கும் ஒரே கோப்பு மூண்டு தரம் கொம்பைல் ஆகுது. கெட்டித்தனம்தான், ஆனால் எல்லாப் பெயரும் மேக்ரோவுக்குள்ளை (கொம்பைல் ஆக முதல் வேறை கோடாய் மாறுற சுருக்கப் பெயர்) ஒளிஞ்சிருக்கிறதாலை எடிட்டரிலை தேடினால் ஒழுங்காய்ப் போய்ச் சேராது. எனக்கு இதுதான் பெரிய எரிச்சல்.

‘சனல்.சி’ இன்னொரு காடு. சனல் எண்டால் மெயின்ஃப்ரேம் டிஸ்க் மாதிரிச் சாதனங்களோடை பேசுற வழி. டிஸ்க்குக்குப் போற ஒவ்வொரு சனல் கட்டளையும் 8 பைட். ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டாய் வாற அந்தக் கட்டளைச் சங்கிலியை நடத்துற ஒரு ஃபங்ஷன் ஏ9 வீதி மாதிரி நீண்டு கிடக்குது, உடைச்சு எழுதியிருக்கலாம். அதிலை கவனிக்க வேண்டியது பைட் வரிசை. ஒரு எண்ணிலை பெரிய இடமதிப்புள்ள பைட்டை மெயின்ஃப்ரேம் முதல் வைக்கும், எங்கடை இன்டெல் சின்ன இடமதிப்புள்ளதை முதல் வைக்கும். நினைவகத்திலை இருந்து எடுக்கிற இடமெல்லாம் மாத்துற மேக்ரோ இருக்கோ எண்டு பாருங்கோ. ஒரிடத்திலை விட்டால் இன்டெல்லிலை கணக்குப் பிழைக்கும், பைட் வரிசை ஒத்த மெஷினிலை ஒண்டும் தெரியாது.

கியூஈஎம்யூ எண்ட இன்னொரு எமுலேட்டரிலும் எஸ்390எக்ஸ், அதாவது இசட் ஆர்க்கிடெக்சர், இருக்குது. அது கட்டளைகளை உங்கடை மெஷின்ரை கோடாய் மொழிமாத்தி ஓட்டுது. லினக்ஸ் மட்டும் போதுமெண்டால் அதை எடுங்கோ. 370 அதிலை இல்லை, அதாலை எம்விஎஸ் பழகேலாது.

கரண்ட் நிண்டு நிண்டு வாற இடத்திலை இருக்கிறவைக்கு ஒண்டு: ஷடோ ஃபைல் போட்டு ஓட்டுங்கோ. மூல டிஸ்க் இமேஜ் தொடப்படாது, மாற்றமெல்லாம் ஷடோவிலை எழுதப்படும். லப்டொப் படாரெண்டு நிண்டாலும் ஷடோவை எறிஞ்சுபோட்டுத் திரும்பத் தொடங்கலாம். புதிசாய் எடுக்கிறவை ஹெர்குலீஸின்ரை ஹைப்பீரியன் 4 எண்ட பதிப்பு வரிசையை எடுங்கோ, வாசிக்கிறதை ஜெனரல்1இலை தொடங்குங்கோ. சனல் பிறகு.