லென்சைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லும் கடை

பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கி, உள்ளே பிரியும் சந்து ஒன்றில் நடந்தால் ஆய்வகப் பொருட்கள் விற்கும் சிறிய கடை வரும். நான்கு பேர் உள்ளே இருந்தால் ஐந்தாமவர் வாசலில்தான் நிற்க வேண்டும். கடையின் பெயரை நான் எழுதவில்லை. பதினான்கு ஆண்டுகளாக என் வகுப்புக்கு வேண்டியதை அங்கேதான் வாங்குகிறேன். மனமாரப் பாராட்டுவதற்கும் இருக்கிறது, வருத்தப்படுவதற்கும் இருக்கிறது. வருத்தத்தைப் பெயரோடு சேர்த்து எழுத மனம் வரவில்லை.

வீரவநல்லூர்ப் பக்கம் ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. 2006இல் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது எங்கள் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்பு அறிவியல் தேர்வு என்றால் தாளில் எழுதுவது மட்டும்தான். சோதனைக்குழாயைத் தொட்டே பார்க்காத பிள்ளை நூற்றுக்கு நூறு வாங்கலாம். ஆய்வகம் என்று பலகை மாட்டிய அறையில் பழைய வினாத்தாள் கட்டுகளும் ஒரு தட்டு தொலைந்துபோன தராசும் கிடந்தன.

2011இல் பத்தாம் வகுப்புக்குச் சமச்சீர்க் கல்வி வந்தது. அதை நடைமுறைப்படுத்தச் சொன்ன உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஆகஸ்டு மாதம் வெளியான பிறகே புதிய புத்தகம் கைக்கு வந்தது. எழுத்துக்கு 75, செய்முறைக்கு 25 என்று அறிவியல் மதிப்பெண் இரண்டாகப் பிரிந்தது. தேர்ச்சிக்கு வேண்டிய 35இல் எழுத்தில் 20, செய்முறையில் 15 என்று தனித்தனியே தாண்ட வேண்டும். ஆசிரியர் அறையில் எல்லோரும் மதிப்பெண் கணக்கைப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு 38 பிள்ளைகளும் அந்த ஒரு தராசும் கண்ணுக்குள்ளேயே நின்றன.

அந்த நவம்பரில் பட்டியலை எடுத்துக்கொண்டு பாளைக்கு வந்தேன். முதலில் ஏறிய பெரிய கடையில் சோதனைக்குழாய் கிராஸ் கணக்கில்தான் தருவோம் என்றார்கள். ஒரு கிராஸ் என்றால் 144. பள்ளியில் அதற்குப் பணம் இல்லை, என் பணத்தில்தான் வாங்க வந்திருந்தேன். அங்கிருந்து யாரோ வழிகாட்டி இந்தச் சந்துக்கு வந்தேன். கடைக்கார அண்ணாச்சி என் பட்டியலை வாங்கிப் படித்துவிட்டு விலை சொல்லவில்லை. “எத்தனை பிள்ளைகள் டீச்சர்?” என்று கேட்டார். சொன்னேன். “நாலு பேருக்கு ஒரு செட் என்று பத்து செட் எடுங்கள். உடைவதற்கு ஐந்து குழாய் கூடப் போடுகிறேன். இதில் பாதிப் பொருள் உங்களுக்கு இப்போது வேண்டாம்” என்று பேனாவால் அடித்துக் காட்டினார். வியாபாரி ஒருவர் வாங்க வந்த பட்டியலைக் குறைத்ததை அன்றுதான் பார்த்தேன். மீதிப் பணத்தைத் தை மாதம் தரலாம் என்றார். குழாய்களை வாழைச்சருகில் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். மேலப்பாளையம், பத்தமடை, சேரன்மகாதேவி என்று ஊர் ஊராக நின்று வந்த பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒன்றுகூட உடையவில்லை.

இந்தக் கடையில் எனக்கு மிகவும் பிடித்தது, எதையும் சோதித்துப் பார்த்து வாங்கச் சொல்வது. குவிலென்சு கேட்டால் உறையோடு நீட்டமாட்டார். உறையில் 15 செ.மீ. என்று அச்சிட்டிருக்கும், ஆனால் உள்ளே இருப்பது 17 ஆகவும் இருக்கலாம். “தெருமுனைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்” என்பார். தெருமுனையில் நின்றால் ஊசிக் கோபுரம் என்று ஊரார் சொல்லும் தேவாலயக் கோபுரத்தின் நுனி தெரியும். லென்சை அதற்கு நேராகப் பிடித்து, பின்னால் ஒரு வெள்ளைத் தாளை முன்னும் பின்னும் நகர்த்தினால், ஓர் இடத்தில் கோபுரம் தலைகீழாக, நகத்தளவில், நிறத்தோடு வந்து நிற்கும். அங்கே ஸ்கேலை வைத்து அளந்தால் அதுதான் குவியத் தொலைவு. புத்தகம் தொலைபொருள் முறை என்று சொல்வது இதைத்தான். நான் முதன்முதலாக அந்தக் கோபுரத்தைத் தாளில் பிடித்தபோது எனக்கு வயது முப்பதுக்கு மேல். கல்லூரியில் இயற்பியல் படித்திருக்கிறேன், ஆனாலும் வெயிலில் நின்று ஒரு கட்டடத்தை அப்படிப் பிடித்ததில்லை. இப்போது ஒவ்வோர் ஆண்டும் கடைக்குப் போகும்போது இரண்டு பிள்ளைகளைப் பெற்றோரிடம் சொல்லி அழைத்துப் போகிறேன். கொக்கிரகுளத்தில் ஆற்றங்கரையில் 1987 முதல் இயங்கும் மாவட்ட அறிவியல் மையத்தையும் அதே பயணத்தில் பார்த்துவிடுவோம். மையத்தில் பெரிய பெரிய கருவிகளை இயக்கிப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைக்கு, அதே விதியைக் கைக்குள் அடங்கும் ஒரு கண்ணாடியிலும் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

மீட்டர் ஸ்கேலும் அப்படித்தான். திருப்புத்திறன் சோதனையில் ஸ்கேலை நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்டு, ஒரு பக்கம் தெரிந்த எடை, மறுபக்கம் தெரியாத எடை வைத்துச் சமன் செய்ய வேண்டும். மரம் ஒரே சீராக இல்லாவிட்டால் ஸ்கேல் 50இல் நிற்காது, 49இலோ 51இலோ நிற்கும். கடை உத்தரத்தில் இதற்கென்றே ஓர் ஆணியும் நூலும் உண்டு. ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டுப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

வேதிப்பொருள்களைச் சிறு பொட்டலமாகத் தருகிறார். மயில்துத்தம் ஐம்பது கிராம், நவச்சாரம் ஐம்பது கிராம் என்று கேட்கலாம். ஒவ்வொன்றின் மேலும் பெயரும் வாங்கிய தேதியும் எழுதி ஒட்டித் தருவார். பாதரச வெப்பமானியைப் பத்தாம் வகுப்புக்கு வாங்காதீர்கள், உடைந்தால் பாதரசத்தைப் பொறுக்க முடியாது என்று சொல்லி ஆல்கஹால் வெப்பமானியை எடுத்து வைப்பார். ஒளிச்சேர்க்கையைக் காட்டும் புனல் சோதனைக்கு ஹைட்ரில்லா கிடைக்குமா என்று ஒருமுறை கேட்டேன். “கன்னடியன் கால்வாயில் கிடக்கிற பாசியை நான் விற்றால் நன்றாக இருக்குமா டீச்சர்?” என்றார். அதன் பிறகு பிள்ளைகள்தான் பையில் தண்ணீரோடு கொண்டுவருகிறார்கள். ஆடு மேய்க்கப் போகும் ஒரு பையன் எந்த மடையில் பாசி அடர்ந்து வளரும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தான்.

2019இல் பத்தாம் வகுப்புக்கு மறுபடியும் புத்தகம் மாறியது. தேர்வு நேரம் இரண்டரை மணியிலிருந்து மூன்று மணி ஆனது. ஒரு மதிப்பெண் வினா 12, இரண்டு மதிப்பெண் 7, நான்கு மதிப்பெண் 7, ஏழு மதிப்பெண் 3 என்று எழுத்துத் தேர்வின் 75 அமைந்தது. 22ஆம் வினாவும் 32ஆம் வினாவும் கட்டாயம். பாடத்தின் பின்னால் இருக்கும் வினாக்களை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டுப் போனால் போதும் என்ற காலம் போய்விட்டது. பாடத்தின் உள்ளிருந்து கேட்கிறார்கள், கணக்கும் கேட்கிறார்கள். இந்த மாற்றத்தை நான் முழு மனதோடு வரவேற்றேன், இன்றும் வரவேற்கிறேன். ஸ்கேலைத் தன் கையால் சமன் செய்த பிள்ளை திருப்புத்திறன் கணக்கைக் கண்டு பயப்படுவதில்லை. ஆண்டுதோறும் என் வகுப்பில் பார்க்கிறேன். அண்ணாச்சி புதிய செய்முறைப் பட்டியலை என்னிடம் கேட்டு வாங்கி, பெரிய எழுத்தில் எழுதி, கல்லாவுக்குப் பின்னால் ஒட்டினார். எந்தச் சோதனைக்கு எது வேண்டும் என்று அதற்குப் பிறகு எந்த ஆசிரியரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

2020லும் 2021லும் பொதுத்தேர்வே நடக்கவில்லை. 2022இல் என் முன்னால் வந்து உட்கார்ந்தவர்கள் எட்டாம் வகுப்பின் இறுதியிலிருந்து பெரும்பாலும் கைப்பேசியில் படித்தவர்கள். சோதனைக்குழாயை எந்த இடத்தில் பிடிப்பது என்றுகூடத் தெரியவில்லை. அந்த ஆண்டு அண்ணாச்சி கொடுத்த கடனை அடைக்க எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. ஒரு முறையும் அவர் கேட்கவில்லை.

இனி வருத்தம்.

2023 ஜனவரியில் மின்தடை எண் காணும் சோதனை, அதாவது ஒரு பொருள் மின்னோட்டத்தை எவ்வளவு தடுக்கும் என்று அளக்கும் சோதனை, நடந்துகொண்டிருந்தது. அம்மீட்டர், வோல்ட்மீட்டர், மின்தடை மாற்றி எல்லாம் இணைத்து, கம்பியின் தடிமனைத் திருகு அளவியால் அளந்து கணக்கிட வேண்டும். கம்பி இந்தக் கடையில் நிக்ரோம் என்று கேட்டு வாங்கியது. நிக்ரோமுக்குச் சுமார் 1.1 × 10⁻⁶ ஓம் மீட்டர் வரவேண்டும். ஒன்பது குழுக்களின் ஏட்டில் அது வந்திருந்தது. பத்தாவது குழுவில் ஒரு பெண் என்னிடம் வந்து, “டீச்சர், எங்களுக்கு மட்டும் பாதிதான் வருகிறது” என்றாள். அழுகை வரும் குரல். திருகு அளவியின் சுழிப்பிழையைப் பார்த்தேன், சரியாக இருந்தது. கணக்கும் சரி. நானே அளவீடு எடுத்தேன். 0.49 × 10⁻⁶தான் வந்தது. பக்கத்து மேசைக் கம்பியையும் அளந்தேன், அதிலும் அதே அளவுதான். எல்லாருக்கும் வந்தது நிக்ரோம் இல்லை, கான்ஸ்டன்டன் என்ற வேறோர் உலோகக் கலவைக் கம்பி. அந்தப் பெண்ணின் குழு மட்டும் வந்ததை வந்தபடி எழுதியிருந்தது. மற்ற ஒன்பது குழுக்களும் வரவேண்டிய விடையை எங்கிருந்தோ எடுத்து எழுதியிருந்தன.

எங்கிருந்து என்று விசாரித்தேன். எழுதி, படம் வரைந்து, அளவீடுகளும் நிரப்பி முடித்த செய்முறைப் பதிவேடு ஒன்று வகுப்பில் கைமாறிக்கொண்டிருந்தது. உறையின் மூலையில் இந்தக் கடையின் முத்திரை இருந்தது.

சனிக்கிழமை காலையில் போனேன். கம்பி விஷயத்தில் அண்ணாச்சி ஒரு நொடியும் வாதாடவில்லை. இரண்டு சுருள்களையும் இறக்கி அளந்து பார்த்தார். கடைப் பையன் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டான் என்று தெரிந்தது. எனக்குச் சரியான கம்பியை இலவசமாகக் கொடுத்தார். அதே சுருளிலிருந்து கம்பி வாங்கிய வேறு இரண்டு பள்ளிகளுக்கு என் முன்னாலேயே போன் செய்து சொன்னார். தவறை இப்படித் திருத்திக்கொள்ளும் கடைக்காரரை நான் அதிகம் பார்த்ததில்லை.

பதிவேட்டைப் பற்றிக் கேட்டபோதுதான் அவர் முகம் மாறியது. “நான் வைக்காவிட்டால் அடுத்த தெருவில் வாங்குவார்கள் டீச்சர். பிள்ளைகள் கேட்டு வருவதில்லை, அப்பா அம்மா வந்து கேட்கிறார்கள்” என்றார். அது உண்மைதான். ஆனால் லென்சைத் தெருமுனைக்குக் கொண்டுபோய்ப் பார் என்று சொல்லும் மனிதர், பார்க்காமலே எழுது என்று சொல்லும் ஏட்டையும் அதே அலமாரியில் வைத்திருக்கலாமா? இதை அவரிடமே கேட்டேன். பதில் சொல்லாமல் பொட்டலம் கட்டினார். பதிவேடுகள் இன்றும் அங்கே இருக்கின்றன. முன்பு கண்ணுக்கு நேராக இருந்தவை இப்போது மேல்தட்டில் இருக்கின்றன. கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

குற்றம் அவர் ஒருவருடையது என்று சொல்லமாட்டேன். 25 மதிப்பெண்ணையும் பிள்ளைக்கு எப்படியாவது கொடுத்துவிட வேண்டும் என்று நினைக்கும் ஆசிரியர்கள் நாங்களே அதற்கு வழி திறந்துவிட்டோம். எழுத்தில் தடுமாறும் பிள்ளைக்குச் செய்முறை மதிப்பெண் கைகொடுக்கும் என்ற இரக்கம் எனக்கும் உண்டு. ஆனால் அந்தப் பெண்ணின் ஏட்டில் 0.49 என்று இருந்ததைப் பார்த்தபோது, சரியான விடை எழுதிய ஒன்பது குழுக்களைவிட அவளுக்கு அதிக மதிப்பெண் போட்டேன். மற்றவர்களை அந்தச் சோதனையை மறுபடியும் செய்யவைத்தேன். மார்ச்சு வரை சில பெற்றோர் என்னிடம் பேசவில்லை.

வேறு குறைகளும் உண்டு. அடர் அமிலப் புட்டிகளைக் கீழ்த்தட்டில், வெயில் விழும் வாசலோரம் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளோடு வருகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். இதை இரண்டு முறை சொல்லிவிட்டேன். பள்ளிக் கணக்குக்கு ஜிஎஸ்டி ரசீது வேண்டுமென்றால் கையால் எழுதித் தர அரை மணி நேரம் ஆகும். நுண்ணோக்கி போன்ற பெரிய கருவிகளுக்கு இது ஏற்ற கடை இல்லை. சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருவார், ஆனால் பழுதுபார்க்க ஆள் இல்லை.

ஐந்தில் நான்கு கொடுக்கிறேன். அந்த மேல்தட்டு காலியாகும் நாளில் ஐந்தாவதையும் கொடுப்பேன் என்று அண்ணாச்சியிடம் சொல்லியிருக்கிறேன்.

போகிறவர்கள் செய்முறைத் தேர்வு நெருங்கும் ஜனவரி, பிப்ரவரியைத் தவிர்த்து நவம்பரிலேயே போய்விடுங்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் போனால் அண்ணாச்சி இருப்பார், கூட்டம் இருக்காது. பிற்பகலில் பையன் மட்டும்தான் இருப்பான், பொட்டலச் சீட்டை ஒருமுறை படித்துப் பார்த்து வாங்குங்கள். லென்சு வாங்கப் போகும்போது வெள்ளைத் தாளும் ஸ்கேலும் கொண்டுபோங்கள். கம்பி வாங்கினால் கல்லாவின் மேல் இருக்கும் மல்டிமீட்டரைக் கேளுங்கள். 2023க்குப் பிறகு அதை அங்கே வைத்திருக்கிறார். ஒரு மீட்டர் கம்பியை அளந்து காட்டிய பிறகுதான் வெட்டித் தருகிறார்.