நாலாம் ஸ்பீடில் மட்டும் ஓடும் புளோவருக்கு மோட்டார் மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்

கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். திருகும் நாப் உள்ள, நாலு ஸ்பீடு புளோவர் (ஏசி, ஹீட்டர் காற்றை உள்ளே தள்ளும் விசிறி) கொண்ட ஒரு சின்ன கார். 1, 2, 3-ல் காற்றே இல்லை, 4-ல் மட்டும் முழு வேகத்தில் வந்தது. கொண்டுபோன இடத்தில், "மோட்டார் போயிடுச்சு சார், டேஷ்போர்டு இறக்கணும்" என்று சொல்லி, புது மோட்டார், டேஷ்போர்டு இறக்கி ஏற்றிய லேபர், கூடவே ஏசி கேஸ் என்று பில் போட்டிருக்கிறார்கள். கொஞ்ச நாளில் அதே கோளாறு திரும்பி வந்தது. கிளவ் பாக்ஸைக் கழற்றி டார்ச் அடித்தால், மோட்டாரைப் பிடித்திருக்கும் மூன்று ஸ்க்ரூ தலையிலும் பழைய புழுதி அப்படியே இறுகிக் கிடக்கிறது. ஸ்க்ரூடிரைவர் பட்ட கீறல் ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் இருக்கும் ரெசிஸ்டர், அதாவது விசிறி வேகத்தைக் குறைக்கும் சின்ன சாமான், அது மட்டும் பளிச்சென்று புதுசு. மாற்றியது சில நூறு ரூபாய் சாமான், வசூலித்தது பல ஆயிரம்.

இந்த ஏமாற்று எடுபடக் காரணம், ஸ்பீடு எப்படிக் குறைகிறது என்பது பலருக்குத் தெரியாதது. 4-ல் வைத்தால் பேட்டரியின் 12 வோல்ட் நேராக மோட்டாருக்குப் போகிறது. 1, 2, 3-ல் கரண்ட் ரெசிஸ்டரின் கம்பிச் சுருள்கள் வழியாகக் குறைந்து போகிறது. அந்த ரெசிஸ்டரில், சூடு மிஞ்சினால் அறுந்துபோகும் ஒரு வெப்ப ஃபியூஸ் உண்டு. அது அறுந்தால் கீழ் ஸ்பீடுகள் மொத்தமாகப் போய்விடும், 4 மட்டும் வேலை செய்யும். ஆக, 4-ல் ஓடுகிற மோட்டார் உயிரோடு இருக்கிற மோட்டார். கப்ளரை (ஒயரை இணைக்கும் பிளாஸ்டிக் பிளக்) கழற்றிவிட்டு ரெசிஸ்டரின் பின்களுக்கு இடையே மல்டிமீட்டர் வையுங்கள். நல்லதாக இருந்தால் சில ஓம் அளவுக்குள் காட்டும், அறுந்திருந்தால் ஓபன், அதாவது இணைப்பே இல்லை என்று காட்டும். பெரும்பாலான சின்ன கார்களில் கிளவ் பாக்ஸுக்குக் கீழே இரண்டு ஸ்க்ரூவில்தான் அது நிற்கிறது. மோட்டாரும் கீழ் வழியாகவே இறங்கிவிடும். டேஷ்போர்டைத் தொட வேண்டிய மாடல்கள் குறைவு. அந்தப் பக்கம் கை வைக்கும்போது மஞ்சள் கப்ளர் தெரிந்தால் விட்டுவிடுங்கள், அது ஏர்பேக்.

நாலு ஸ்பீடிலும் ஓடவில்லை என்றால் கதை வேறு. முதலில் ஃபியூஸ் பெட்டியில் உள்ள ஃபியூஸ், பிறகு ரிலே (மோட்டாருக்குக் கரண்டைத் திறந்து மூடும் மின் ஸ்விட்ச்) பாருங்கள். இரண்டும் சரி என்றால், இக்னிஷன் ஆன் செய்து 4-ல் வைத்து, மோட்டார் கப்ளரின் இரண்டு பின்னுக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். 12 வந்தும் ஓடவில்லை என்றால் மோட்டார்தான். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் மெல்லத் தட்டியதும் ஓடத் தொடங்கினால், மோட்டாருக்குள் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். 12 வரவில்லை என்றால் ஸ்விட்ச், ஒயர், எர்த் இவற்றில் ஒன்று. இந்த ஒரு சோதனையைச் செய்து காட்டாமல் மோட்டார் போச்சு என்று சொல்பவரிடம் காரை விடாதீர்கள்.

ரெசிஸ்டர் பெரும்பாலும் தானாகக் கருகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதைக் குளிர வைப்பதே புளோவர் தள்ளும் காற்றுதான். காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் அடைத்தால் அந்தக் காற்று குறைந்து சூடு ஏறும். மோட்டார் தண்டு சுற்றும் புஷ் வறண்டோ, உள்ளே இலை சிக்கியோ இறுக்கமாகச் சுற்றினால் கரண்ட் அதிகம் இழுக்கும், அப்போதும் சூடு ஏறும். மேலே சொன்ன காரில் ஃபில்டர் புழுதியும் முடியுமாக அட்டை போல ஆகியிருந்தது. அதைப் பார்க்காமல் ரெசிஸ்டரை மட்டும் மாற்றியதால்தான் அதுவும் போனது. விசிறியைக் கையால் சுண்டினால் சத்தமில்லாமல் சில சுற்று தானே ஓட வேண்டும். கப்ளரையும் பாருங்கள்: பிளாஸ்டிக் பழுப்பாகி உருகியிருந்தால் ஒயரோடு கப்ளரையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் லூஸ் பின் திரும்பச் சூடேறும்.

கேஸ் விஷயமும் இதே வகைதான். காற்று குறைந்தால் கூலிங் காயிலில் ஐஸ் பிடிக்கும், குளிர்ச்சி இல்லை என்று தோன்றும். உடனே கேஸ் குறைவு என்பார்கள். பிரஷர் அளக்கும் கேஜ் மாட்டிக் காட்டாமல் கேஸ் ஏற்ற விடாதீர்கள்.

ஆட்டோமேட்டிக் ஏசி உள்ள கார்களில் சுருள் ரெசிஸ்டருக்குப் பதில் டிரான்சிஸ்டர் மாட்யூல் இருக்கும். அது கெட்டால் ஒரே வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும், அல்லது ஓடவே ஓடாது. அதன் விலையும் கூடுதல், அங்கே பில் ஏறுவது உண்மைதான்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, ரெசிஸ்டரைத் தாண்டி "டைரக்ட் அடித்து" விடுவதும், 30 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று 40 போடுவதும். ஒயர் அதே பழைய ஒயர்தான். ஃபியூஸுக்குப் பதில் அது எரியும். அதற்காகப் பழுதை அப்படியே விடவும் முடியாது: ஹீட்டருக்கும் ஏசிக்கும் ஒரே புளோவர், மழையில் முன்கண்ணாடிப் பனியைத் துடைப்பதும் அதுதான். காரை விடும்போதே எஸ்டிமேட்டில் பார்ட் நம்பர் எழுதி வாங்குங்கள், கழற்றிய பழைய சாமானைத் திருப்பித் தரச் சொல்லுங்கள், பணம் கொடுக்கும் முன் கிளவ் பாக்ஸுக்குக் கீழே மோட்டாரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களைப் பாருங்கள்.